உப்பு பார்க்கிற உத்தியோகமும் உப்பில்லாத சோறும்

எண்ணூறு பேருக்குச் சமைக்கிற இடத்தில் கிண்டவும் கிளறவும் எத்தனை கை வேண்டுமானாலும் இருக்கலாம். உப்பு பார்க்கிற நாக்கு மட்டும் ஒன்றுதான் இருக்க வேண்டும். ரெண்டு நாக்கு உப்பு பார்த்த சாம்பார் உருப்பட்டதாகச் சரித்திரம் கிடையாது.

ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் அந்த ஒற்றை நாக்கு என்னுடையது. அட்டையில் ‘சூப்பர்வைசர் சாந்தி’ என்று போட்டிருந்தாலும், என் உத்தியோகம் என்னவோ உள்ளங்கையில் துளி சாம்பாரை வாங்கி நக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு கை" என்றோ "போதும்" என்றோ சொல்வதுதான். அளந்து போடக் கூடாதா என்று கேட்பீர்கள். அளந்துதான் போடுவோம். ஆனால் புளி ஒரு நாள் புதுசு, ஒரு நாள் பழசு. பருப்பு ஒரு நாள் குழையும், ஒரு நாள் முறைத்துக்கொண்டு நிற்கும். கல் உப்பு மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி. கடைசி ஒரு கை உப்பை நாக்குதான் சொல்ல வேண்டும்.

காவேரிப்பட்டினத்தில் பிறந்து, கல்யாணமாகி ஓசூருக்கு வந்து, இந்த நாக்கை வைத்தே பிழைத்தவள் நான். ஆளாளுக்குப் பட்டன் போன் வாங்கிக்கொண்டிருந்த அந்த வருஷத்தில், அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு "இனிமேல் உப்பைக் குறை" என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஈரலோடு மல்லுக்கட்டிக்கொண்டு, ஊறுகாய் ஜாடியைக் கண்டால் பெருமூச்சு விடுகிற என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இது புரியும். கேளுங்கள்.

டாக்டரம்மா பேனாவை மூடினார்

முதலில் கால் வீங்கியது. நின்றுகொண்டே பார்க்கிற வேலை, வீங்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் வயிறு வீங்கியது. கேன்டீன் சோறு உடம்பில் ஒட்டுகிறது என்று பெருமைகூடப் பட்டேன். முகம் மட்டும் ஒடுங்கிக்கொண்டே போவதைக் கவனித்து, என் வீட்டுக்காரர் ராஜேந்திரன்தான் பிடிவாதமாகப் பெங்களூருக்குப் பஸ் ஏற்றினார். ரத்தம், ஸ்கேன் என்று எல்லாம் எடுத்து முடித்த பிறகு ஒரு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே ஆள் தெரியாமல் என் ஈரலைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறதாம்; வீட்டு நாய் வீட்டுக்காரனையே கடிக்கிற மாதிரி. அடிபட்ட இடம் தழும்பாகிவிட்டது, வயிற்றில் தண்ணீர் கட்டியிருக்கிறது.

"தழும்பு போகாது. ஆனா மிச்சம் இருக்கற ஈரல் உங்களுக்குப் போதும், அதைக் காப்பாத்திக்கிட்டா" என்றார் டாக்டரம்மா. மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. பச்சிலை, வேர் என்று யார் எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கக் கூடாது. வலி மாத்திரையைக் கேட்காமல் போடக் கூடாது. பட்டினி கூடவே கூடாது. பருப்பு, முட்டை, சுண்டல் என்று கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிட வேண்டும். தினமும் நடக்க வேண்டும். ஆறு மாசத்துக்கு ஒரு தரம் ஸ்கேனுக்கு வந்தே ஆக வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். "எல்லாத்தையும்விட முக்கியம் உப்பு. அதைக் குறைச்சாத்தான் தண்ணி வடியும். மறுபடி மறுபடி கட்டினா ஆபத்து" என்றார்.

எழுதிக்கொண்டே, "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். "உப்பு பாக்கறேங்க" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. சாம்பார், ரசம், கூட்டு, சாயங்கால பஜ்ஜி மாவு வரைக்கும் என் நாக்கைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று விளக்கினேன். அவர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "எத்தனையோ பேஷண்டுகளப் பாத்திருக்கேன். சம்பளம் வாங்கிக்கிட்டு உப்பு சாப்பிடறவங்கள இப்பத்தான் பாக்கறேன்."

குடிக்காதவர் குடிகாரர் ஆனார்

ஈரல் கெட்டது என்று காதில் விழுந்தவுடனே நம் ஜனங்களுக்குப் பாட்டில்தான் கண்ணில் தெரியும். குடியே தொடாமல் இந்த நோய் வந்தவர்கள் எத்தனை பேர் இதைக் கேட்டுக் கேட்டுப் புண்ணாகியிருப்பீர்கள்! எனக்கோ அதிலும் ஒரு சிக்கல். பொம்பளையைப் பார்த்து "நீ குடிச்சியா?" என்று கேட்க எங்கள் லைன் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. அதனால் பழி முழுக்க என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. அவர் குடித்து, நான் மனசு நொந்து, அந்த நோவில் என் ஈரல் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த மனுஷன் நண்பர்களோடு போனாலும் ஓரமாக உட்கார்ந்து கோலி சோடா குடித்துவிட்டு வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் பையை எடுத்துக்கொண்டு கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போவார், வாஸ்தவம்தான். அங்கே அவரைக்காய் மலிவு. ஆனால் அத்திப்பள்ளி என்றால் ஓசூர்க்காரர்களுக்கு வேறு ஞாபகம்தான் வரும்; அந்தப் பக்கம் சாராயக் கடைக்கும் குறைச்சல் இல்லை. எதிர்வீட்டு சரோஜாக்கா எனக்கு ரெண்டு சாத்துக்குடி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகிற போக்கில் வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த அவரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "போனது போகட்டும் தம்பி. இனிமேலாச்சும் அந்த அத்திப்பள்ளிப் பழக்கத்த விட்டுடுங்க."

வாயும் வயிறுமாக

டாக்டரம்மா கடைசியில் ஒரு வழி சொல்லியிருந்தார். நாக்கில் வைத்துப் பார், முழுங்காமல் துப்பிவிடு என்று. அவருக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார். சமையல் கட்டில் துப்ப முடியுமா? நஞ்சப்பா மாஸ்டர் கரண்டியாலேயே போடுவார். அவர் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். இருபது வருஷமாக அண்டாவோடு குடித்தனம் நடத்துகிறவர். அடுப்புக்குக் கற்பூரம் காட்டாமல் பற்ற வைக்க மாட்டார். அதனால் ருசி பார்த்த சாம்பாரை வாயிலேயே வைத்துக்கொண்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, பின்வாசல் வழியாக ஓடிப் போய்க் குழாயடியில் துப்பிவிட்டு வருவேன். ஒரு காலையில் நாலைந்து ஓட்டம்.

கொஞ்ச நாளில் கேன்டீனே என்மேல் உருக ஆரம்பித்தது. மாஸ்டர் என்னை ஒரு வாளி தூக்க விடவில்லை. காய் நறுக்குகிற முனியம்மாக்கா, சூளகிரிப் பக்கத்துத் தெலுங்குக்காரி, மாங்காயைக் கீற்றாக நறுக்கி நீட்டினார். விஷயம் தெரிந்துதான் பரிவாக இருக்கிறார்கள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு நாள் பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் கூட்டமாக வந்து கண்ணாடி வளையலை நீட்டினார்கள் பாருங்கள், அப்போதுதான் எனக்கு உறைத்தது. வயிறோ முன்னால் நிற்கிறது. நானோ வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடுகிறேன். என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள்! சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்பே விட்டுப் போனது. அப்புறம் ஈரல் கதையை எல்லாரிடமும் உடைத்துச் சொன்னேன். வயிற்றில் இருப்பது தண்ணீர், அது மாத்திரையில் சிறுநீராகப் போய்விடும் என்றும் சொன்னேன். முனியம்மாக்கா வளையலை என் கையில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "தண்ணிதானா? அப்போ சுகப்பிரசவம்தான், போ!"

பால்காரர் வைத்தியம்

உண்மையைச் சொன்னதன் பலன், மறுநாளே கம்பெனி முழுக்க வைத்தியர்கள் முளைத்தார்கள். கீழாநெல்லியைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தவர் உண்டு. கண்ணில் சொட்டு விட்டால் போதும் என்றவர் உண்டு. "டாக்டர் பச்சிலையே கூடாதுன்னுட்டாங்க" என்று கும்பிட்டுக் கும்பிட்டு என் கை ஓய்ந்தது. தப்பித் தவறி யாருக்கும் மனசு நோகக் கூடாதே! அன்பாகத்தானே கொண்டுவருகிறார்கள்.

கேன்டீனுக்குப் பால் ஊற்றுகிற மாரியப்பன் மட்டும் விடுவதாக இல்லை. குந்தாரப்பள்ளிப் பக்கத்துச் சம்சாரி. துணியில் முடிந்த ஒரு வேரை எடுத்து என் முன்னால் வைத்தார். தன் பசுவுக்கு இதே மாதிரி வயிறு ஊதிப் படுத்துவிட்டதாம்; இந்த வேரை அரைத்து ஒரே வேளைதான் கொடுத்தாராம்; மறுநாள் விடியலில் எழுந்து நின்றதாம். அவர் சொன்ன தோரணைக்கு யாராக இருந்தாலும் வாயைத் திறந்துவிடுவார்கள். நான் சும்மா ஒரு பேச்சுக்கு, "இப்ப அந்த மாடு எப்படிங்க இருக்கு?" என்று கேட்டேன். மாரியப்பன் தலையைச் சொறிந்தார். "எழுந்து நின்ன சூட்டோட சந்தைல தள்ளிட்டேங்க."

மூன்று பாஷையில் ஒரே வசவு

மூணு மாசத்தில் தண்ணீர் வடிந்தது. கால் விரலில் மெட்டி மறுபடி நுழைந்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! தெருவில் போகிறவர்களிடமெல்லாம் காலை நீட்டிக் காட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் கூடவே ஒரு வினையும் வந்து சேர்ந்தது. உப்பை விட்ட நாக்கு ரொம்பக் கூர்மையாகிவிட்டது. தக்காளி தித்தித்தது. பன் ரொட்டி கரித்தது. அண்டா சாம்பாரில் பாதி உப்பு விழுந்ததுமே எனக்குக் கடல் தண்ணீராகப் பட்டது. "போதும் மாஸ்டர்" என்றேன். மாஸ்டர் ஒரு தரம் என்னைப் பார்த்தார். ஒற்றை நாக்குச் சட்டப்படி எதிர்த்துப் பேசவில்லை.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். தமிழ் ஆட்கள் "சப்புனு இருக்கு" என்றார்கள். கன்னட ஆட்கள் "சப்பே" என்றார்கள். தெலுங்கு ஆட்கள் "சப்பகா உந்தி" என்றார்கள். தண்ணீருக்கும் வேலைக்கும் அடித்துக்கொள்கிற மூன்று பாஷைக்காரர்களும் என்னை வைய மட்டும் ஒரே வார்த்தையை வைத்திருந்தார்கள். மெஷின் ஷாப் சங்கரபாண்டி, திருநெல்வேலிப் பையன், கோபக்காரன், தட்டோடு எழுந்து நின்று கூடமே கேட்கக் கத்தினான்: "யக்கா, சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கியளா?"

மானம் ரோஷம் உள்ள யாரும் பொறுத்துக்கொள்கிற கேள்வியா அது? நான் கரண்டியைத் தூக்கியிருக்க வேண்டும். ஆனால் யோசிக்கிறதுக்குள் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது. "இல்ல தம்பி, மூணு மாசமா போடறதில்ல." கூடமே குபீரென்று சிரித்தது. சாப்பாடு முடிந்ததும் சங்கரபாண்டி சமையல் கட்டு வாசலில் வந்து நின்றான். முனியம்மாக்கா அவனிடம் என் ஈரல் கதையைச் சொல்லியிருக்கிறார். அவன் முகம் தொங்கிப் போயிருந்தது. "நான் வஞ்சேன். வஞ்சா நீங்க திருப்பி வையணும்லா? இப்படி நெசத்தச் சொன்னா நான் எங்க போயி முட்டிக்கிட?"

நாக்குக்குச் சம்பளம்

சிரிப்பெல்லாம் அன்றோடு சரி. மறுநாள் கான்ட்ராக்டர் வந்தார். நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். கம்பெனியிலிருந்து அவரைக் கூப்பிட்டுக் காய்ச்சியிருக்கிறார்கள். இன்னொரு தரம் தட்டுச் சத்தம் கேட்டால் கான்ட்ராக்டையே வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். எனக்கு மாசக் கடைசி வரைக்கும் தவணை. அதற்குள் உப்பு சரியாகவில்லை என்றால் என்னை ஸ்டோருக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். ஸ்டோரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? வேலை போனால் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டிய மாத்திரைக்கு எங்கே போவது? என் வீட்டுக்காரரின் ஒற்றைச் சம்பளத்தில் குடும்பம் ஓடுவதே இழுபறி.

"ஒரு பத்து நாளு எல்லாரையும் போல சாப்பிடுங்கம்மா, நாக்கு தானா திரும்பிடும்" என்றார் கான்ட்ராக்டர். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் கொடுமை. உப்பு போட்டுச் சாப்பிட்டால் நாக்கு திரும்பும். கூடவே வயிற்றுத் தண்ணீரும் திரும்பும். நாக்கா, ஈரலா என்று ஒருத்தியை நிறுத்தி வைத்துக் கேட்டால் அவள் என்னதான் செய்வாள்? கான்ட்ராக்டரும் சங்கடத்தோடுதான் சொல்லிவிட்டுப் போனார்: "உங்க ஈரல்மேல எனக்கு ரொம்ப மரியாதைம்மா. ஆனா நான் சம்பளம் குடுக்கறது உங்க நாக்குக்கு."

டிபன் பாக்ஸைத் திறந்தார்கள்

அடுத்த நாள் மதியம் கேன்டீன் தட்டில் சோறும் சாம்பாரும் போட்டுக்கொண்டு, ஓரத்தில் ஊறுகாயும் வைத்துக்கொண்டு சமையல் கட்டில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வீட்டு டிபன் பாக்ஸ் மூடியே இருந்தது. பத்து நாள்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு முதல் கவளத்தைப் பிசைந்தேன். நஞ்சப்பா மாஸ்டர் எங்கிருந்தோ வந்து தட்டைச் சரக்கென்று இழுத்துக்கொண்டார். "உப்பிகிந்த ருசி இல்லா, தாயிகிந்த பந்து இல்லா" என்று அவர்கள் பாஷையில் ஒரு பழமொழி உண்டு. உப்பை விட ருசியும் இல்லை, தாயை விட உறவும் இல்லை என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு, "பழமொழி சொன்னவனுக்கு ஈரல் நல்லா இருந்திருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே என் டிபன் பாக்ஸைத் திறந்தார்.

எலுமிச்சம்பழச் சோறு. உப்புக்குப் பதிலாக எலுமிச்சை கூடுதல், மிளகு, பூண்டு, வறுத்த வேர்க்கடலைப் பொடி, நம் கிருஷ்ணகிரி மாங்காய்த் துருவல். மாஸ்டர் ஒரு வாய் போட்டுக்கொண்டு, "சொல்ப பெல்லா ஹாக்பேக்கித்து" என்றார். கொஞ்சம் வெல்லம் சேர்த்திருக்க வேண்டுமாம். முனியம்மாக்கா ஒரு வாய் எடுத்து, காரம் போதாது என்றார். தண்ணீர் குடிக்க வந்த சங்கரபாண்டி ஒரு வாய் அள்ளி, தேங்காய் எங்கே என்று கேட்டான். மூணு பேரும் மூணு விதமாகக் குறை சொன்னார்கள். ஒருத்தர்கூட உப்பைப் பற்றிப் பேசவில்லை. எனக்குச் சோறு போய்விட்டதே என்று இருந்தது. காலி டப்பாவை என்னிடம் நீட்டிய மாஸ்டர், ஏதோ தோன்றிய மாதிரி நின்று சொன்னார்: "உப்பு நீ பாக்கபேடா சாந்திம்மா. நாங்க பாக்கறோம். நாங்க சொல்றது சரியான்னு நீ பாரு."

மூஞ்சியைப் பார்த்து உப்பு

அன்றிலிருந்து தினமும் டீ இடைவேளையில் மூணு உள்ளங்கை என் முன்னால் நீளும். மூணிலும் துளி சாம்பார். முதல் நாலைந்து நாள் ஒரே குழப்பம். சங்கரபாண்டிக்கு எப்போதும் உப்பு கம்மி. அவன் ஊர்க் கருவாட்டுக் குழம்பில் வளர்ந்த நாக்கு அது. மாஸ்டருக்கு எப்போதும் வெல்லம் கம்மி. முனியம்மாக்காவுக்கு எப்போதும் காரம் கம்மி. இதை வைத்துக்கொண்டு யார் உப்பு போடுவது? அப்புறம்தான் பிடிபட்டது. இவர்கள் வாய் சொல்வதைக் கேட்கக் கூடாது. சங்கரபாண்டி "கம்மி" என்று சொல்லிவிட்டு உள்ளங்கையை இன்னொரு தரம் நக்கினால் உப்பு சரி. முனியம்மாக்கா கையை உடனே முந்தானையில் துடைத்தால் உப்பு கூடிவிட்டது. மாஸ்டர் வெல்லத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் சாம்பாரில் ஏதோ பெரிய கோளாறு.

வாய் மூணும் மூணு குறை சொல்லட்டும், மூஞ்சி சரி என்றால் அண்டாவை இறக்கு. மூஞ்சி மாறினால்தான் கை வை. இதுதான் நான் கண்டுபிடித்த சூத்திரம். மாசக் கடைசி வரைக்கும் யாரும் ஒரு தட்டைக்கூடத் தட்டவில்லை. கான்ட்ராக்டர், "அப்படியே இருங்கம்மா, பெரிய ஆபீசருங்க வந்து சாப்பிட்டுப் பாத்துட்டுத்தான் அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்து போடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாருக்கும் திருப்திதான், முனியம்மாக்காவைத் தவிர. அவருக்கு மட்டும் ஒரு மனக்குறை. "நான் ருசி சொல்றேன், நீ என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கற. மூஞ்சில என்ன சாம்பாரா ஒட்டியிருக்குது?"

நடந்தால் குற்றம்

தினமும் நடக்கச் சொன்னார்களே, அந்தக் கூத்தையும் கேளுங்கள். வேலை முடிந்ததும் தொழிற்பேட்டை ரோட்டில் கையை வீசி நடக்க ஆரம்பித்தேன். ஓசூரில் யாரும் வேலையில்லாமல் நடக்க மாட்டார்கள் போலிருக்கிறது. நான் நாலு எட்டு வைப்பதற்குள் ஏதாவது ஒரு கம்பெனி பஸ் பக்கத்தில் வந்து நின்று, "பஸ்ஸ விட்டுட்டீங்களாக்கா? ஏறுங்க" என்பார்கள். ஒருத்தரை அனுப்பினால் இன்னொருத்தர். எங்கள் கம்பெனி டிரைவர் மூணு நாளாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். நாலாம் நாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கியே வந்துவிட்டார். "சும்மா நடக்கறதுக்குன்னே நடக்கறீங்களா? வீட்ல ஏதாச்சும் பிரச்சினைன்னா சொல்லுங்கக்கா, நான் வந்து பேசறேன்."

ஸ்கேன் அறையில் ஒரு அண்டா சாம்பார்

ஆபீசர்கள் சாப்பிட வருகிற நாள் தெரிந்தது. பார்த்தால் என் ஆறு மாச ஸ்கேனும் அதே நாள், அதே காலையில். கான்ட்ராக்டர் கையைப் பிசைந்தார். "ஸ்கேன் எங்கயும் ஓடிப் போயிடாதும்மா." எனக்கும் ஊசலாட்டம்தான். கையெழுத்து விழாவிட்டால் நான் மட்டுமா, கேன்டீன் மொத்தமும் வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டுத்தானே கால் வீங்கினதையும் வயிறு வீங்கினதையும் விட்டேன்? மாஸ்டர் கரண்டியை ஓங்கிக்கொண்டு "ஹோகம்மா!" என்று ஒரு அதட்டுப் போட்டார். போய்விட்டேன்.

வயிற்றில் சில்லென்று களிம்பைத் தடவிப் படுக்க வைத்திருக்கிறார்கள், தலைமாட்டுப் பையில் போன் கத்துகிறது. எல்லை தாண்டினால் வருகிற போனுக்கும் காசு பிடிப்பான். ஆகவே அவசரம் இல்லாமல் யாரும் கூப்பிட மாட்டார்கள். நர்ஸ் முறைத்தார். ஸ்கேன் எடுக்கிற இளவயசு டாக்டர்தான், "எடுங்க, என்ன அவசரமோ" என்றார். கேன்டீனிலிருந்து மூணு பேரும் ஒரே போனில், ஒரே நேரத்தில் பேசினார்கள். உப்பு கம்மி. வெல்லம் கம்மி. காரம் கம்மி. அதெல்லாம் எனக்கு எதற்கு? எனக்கு மூஞ்சி அல்லவா வேண்டும்! "சங்கரபாண்டி, முனியம்மாக்கா கைய என்ன பண்ணாங்க?" "சும்மாதான் வச்சிருக்காவ." "மாஸ்டர், சங்கரபாண்டி ரெண்டாவது தரம் நக்கினானா?" "நக்கலம்மா." அப்படியென்றால் உப்பு நிஜமாகவே குறைவு. நான் வாயைத் திறக்கப் போகும் நேரம் பார்த்து டாக்டர், "மூச்ச இழுத்துப் புடிங்க" என்றார். பிடித்தேன். அந்தப் பக்கம் ஒரே அலறல். "யக்கா? யக்கா! பேச்சக் காணமே!" டாக்டர் "விடுங்க" என்றதும் விட்ட மூச்சிலேயே கத்தினேன்: "அரைக் கை போடுங்க!" நர்ஸே சிரித்துவிட்டார். டாக்டர் கருவியை அங்கும் இங்கும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "தண்ணி துளிகூட இல்லம்மா. புதுசா ஒண்ணும் இல்ல. ஈரல் போன தடவை இருந்தபடியே இருக்கு" என்றார். இருந்தபடியே இருக்கு! நம் இனத்தாருக்கு இதைவிட இனிக்கிற சொல் உலகத்தில் உண்டா? எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. போனை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கழுதைகள் அண்டாவில் கரண்டியால் தட்டுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்கிறது.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அத்திப்பள்ளி தாண்டியதும் கான்ட்ராக்டர் கூப்பிட்டார். குரலை வைத்து நல்ல சேதியா கெட்ட சேதியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மனுஷர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியாமல் சொன்னார்: "ஒருத்தர் உப்பு கொஞ்சம் கம்மின்னாரும்மா. ஒருத்தர் கொஞ்சம் ஜாஸ்தின்னாரு. ஒருத்தர் புளி பத்தலன்னாரு. நான் முடிஞ்சோம்னு உக்காந்துட்டேன். மூணு பேரும் இன்னொரு தடவ சோறு வாங்கி, சாம்பார் ஊத்திச் சாப்பிட்டுட்டுக் கையெழுத்து போட்டுட்டாங்க!"

எண்ணூறு பேர் ஆளுக்கொரு குறை சொல்லிக்கொண்டே தட்டை வழித்துச் சாப்பிடுகிற வரைக்கும் நானும் என் தழும்பு ஈரலும் சௌக்கியம்.